ஒரு தந்தை மக்கள்: நபிமார்களைப் பற்றி நாம் அறிந்ததும் அறியாததும்

காசுமீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே அமைந்துள்ளது தொப்பூர்க் கணவாய். வளைந்து இறங்கும் அம்மலைப்பாதையில் சரக்குந்து ஒன்று கவிழ்ந்துவிட்டால், அன்று அவ்வழியே செல்வோர் அனைவரும் சாதி, சமயம், வசதி என்னும் வேறுபாடு ஏதுமின்றி ஒரே இடத்தில் நிற்க நேரிடும். தருமபுரியில் நடைபெற்ற ஒரு கருத்தரங்கிற்கு மாணவ மாணவியர் சிலரை அழைத்துச் சென்று திரும்பிய நாளில் நமக்கும் அந்நிலை வாய்த்தது. பேருந்து தொப்பூர் இறக்கத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நின்றது.

நம் மாணவி ஒருத்தியின் அருகே, கையில் செபமாலையுடன் முதிய அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். மாணவியின் முக்காட்டைக் கண்டு, அன்பு கனிந்த குரலில் அவர் கேட்டார்: "ஏம்மா கண்ணு, உங்க குரான்ல எங்க மாதாவப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்குதா?" மாணவி சற்றே தயங்கி, "தெரியலீங்க பாட்டி" என்றாள். பின் இருக்கையிலிருந்த நம் மாணவன் ஒருவன் நம் பக்கம் குனிந்து, "அது அவங்க சமாச்சாரமுங்க ஐயா, நமக்கு எதுக்கு?" என்று மெல்லச் சொன்னான்.

இவ்விரண்டு விடைகளும் நம்மை வருத்தின. முன்னது அறியாமை, பின்னது அவ்வறியாமைக்கு நாம் சூட்டிக்கொள்ளும் மார்க்கப்பற்று என்னும் பெயர். இவ்விரண்டையும் பற்றிச் சில கருத்துகளைத் துறை மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களுக்கும் சமுதாயப் பெரியோர்களுக்கும் பணிவுடன் எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஈமானின் ஓர் உறுப்பு

அம்மையார் கேட்ட வினாவிற்கு விடை மிக எளிது. திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களுள் பத்தொன்பதாவது அத்தியாயத்தின் பெயரே 'மர்யம்' என்பதாகும். திருமறை முழுமையிலும் இயற்பெயர் சுட்டிக் குறிக்கப்பெறும் ஒரே பெண்மணி அன்னை மர்யம் அவர்களே. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அன்னையார் ஆமினா அவர்களின் பெயரோ, துணைவியார் கதீஜா (ரலி) அவர்களின் பெயரோ, அருமை மகளார் பாத்திமா (ரலி) அவர்களின் பெயரோ திருமறையில் இடம்பெறவில்லை. ஈசா நபி (அலை) அவர்களின் அன்னையார் பெயரோ முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகின்றது. ஈச்சமரத்தடியில் பிரசவ வேதனையுற்ற அவ்வன்னையாருக்கு இறைவன் நீரூற்றையும் கனிந்த பழங்களையும் அருளிய செய்தியைப் படிப்போர் உள்ளம் உருகாதிருக்க இயலாது.

இஸ்லாத்தின் நம்பிக்கைக் கூறுகள் ஆறு என்பதை நாம் அனைவரும் அறிவோம். இறைவன், வானவர், வேதங்கள், தூதர்கள், மறுமை நாள், விதி ஆகியன அவை. இவற்றுள் 'வேதங்கள்', 'தூதர்கள்' என்பன பன்மைச் சொற்களாக அமைந்திருப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. திருக்குர்ஆனை மட்டும் ஏற்று, மூசா நபிக்கு அருளப்பட்ட தவ்ராத்தையோ, தாவூது நபிக்கு அருளப்பட்ட சபூரையோ, ஈசா நபிக்கு அருளப்பட்ட இன்ஜீலையோ இறைவன் அருளியதில்லை என்று ஒருவர் மறுப்பாராயின், அவர் ஈமான் நிறைவு பெறாது. அண்ணலாரை மட்டும் ஏற்று மூசா நபியையோ ஈசா நபியையோ மறுப்பவர் முஸ்லிம் ஆகார். எனவே, "அது அவர்கள் சமாச்சாரம்" என்று நம் மாணவன் ஒதுக்கியது, உண்மையில் அவனுடைய நம்பிக்கையின் ஓர் உறுப்பாகும்.

திருக்குர்ஆன் பெயர் சுட்டிக் கூறும் நபிமார்கள் இருபத்தைவர். அவர்களுள் ஏறத்தாழ இருபதின்மர் யூதரும் கிறித்தவரும் அறிந்து போற்றும் பெரியோர்களே. மிகுதியும் பெயர் கூறப்பெறுபவர் மூசா நபி (அலை) அவர்கள். 130க்கும் மேற்பட்ட இடங்களில் அவர்கள் பெயர் வருகின்றது. நூஹு, இபுறாகீம், யூனுசு, யூசுபு ஆகிய நபிமார்களின் பெயர்களில் தனித்தனி அத்தியாயங்கள் உள்ளன. நாள்தோறும் ஐவேளைத் தொழுகையின் இருப்பில் நாம் ஓதும் சலவாத்திலும், அண்ணலாரின் பெயரோடு இபுறாகீம் நபியின் பெயரையும் அவர்தம் குடும்பத்தாரையும் நாம் நினைவுகூர்கின்றோம். ஹஜ்ஜுக் கடமையின் செயல்கள் பலவும் இபுறாகீம் நபி, அன்னை ஹாஜரா, இசுமாயீல் நபி ஆகியோர் நடந்த தடங்களே.

நபிமார்கள் அனைவரும் ஒரு தந்தைக்குப் பல தாயர்பால் பிறந்த உடன்பிறப்புகள் போன்றோர், அவர்தம் மார்க்கம் ஒன்றே என்று அண்ணலார் விளக்கியருளியதாக நபிமொழி நூல்கள் கூறுகின்றன. 'ஒரு தந்தை' என்பது ஓரிறைக் கொள்கை. 'பல தாயர்' என்பது காலத்திற்கும் மக்களுக்கும் ஏற்ப மாறிய சட்ட நெறிகள் என்று அறிஞர்கள் பொருள் கூறுவர். பிறிதொரு நபிமொழியில், அழகுறக் கட்டி முடிக்கப்பெற்று ஒரு மூலையில் ஒரு செங்கல் மட்டும் வைக்கப்படாதிருந்த மாளிகையோடு நபித்துவத்தை ஒப்பிட்டு, அவ்விறுதிச் செங்கல் தாமே என்று அண்ணலார் கூறுகின்றார்கள். இறுதிச் செங்கல்லின் பெருமை, கீழே உள்ள செங்கற்களைப் பெயர்த்தெறிவதால் விளங்குவதன்று. அவற்றின்மேல் அமர்ந்திருப்பதாலேயே விளங்குவது.

வருகைப் பதிவேட்டில் வாழும் உறவு

தமிழாசிரியர் என்ற முறையில் நாம் நாள்தோறும் காணும் ஒரு காட்சியை இங்குக் குறிப்பிட வேண்டும். வகுப்பின் வருகைப் பதிவேட்டில் இபுறாகீமும் ஆபிரகாமும் இருப்பர். யூசுபும் யோசேப்பும் இருப்பர். சுலைமானும் சாலமோனும், மர்யமும் மரியாளும் இருப்பர். ஒரே பெயர் அரபு மொழி வழியாக ஓர் உருவத்திலும், கிரேக்கம், இலத்தீன் முதலிய மொழிகளின் வழியாக மற்றோர் உருவத்திலும் தமிழகத்தை வந்தடைந்தது. மூசாவும் மோசேயும் ஒருவரே. தாவூதும் தாவீதும் ஒருவரே. கிறித்தவருள் ஒரு சாரார் யோவான் என்றும் மற்றொரு சாரார் அருளப்பர் என்றும் வழங்கும் திருமுழுக்களித்தவர், நமக்கு யஹ்யா நபி (அலை) ஆவார்.

இப்பெயர் வேறுபாட்டால் நேரும் இழப்பு சிறிதன்று. 'மோசே' என்ற பெயரைப் பாடநூலில் காணும் முஸ்லிம் மாணவன், அது தான் நாள்தோறும் 'அலைஹிஸ்ஸலாம்' கூறிப் போற்றும் மூசா நபியே என்பதை அறியாது கடந்து போகின்றான். 'ஈசா நபி' என்று கேட்கும் கிறித்தவ மாணவன், அது தன் இயேசுபெருமானைக் குறிக்கும் பெயர் என்பதை அறியாதிருக்கின்றான். ஒரே வகுப்பில் மூன்றாண்டுகள் அடுத்தடுத்து அமர்ந்தும், ஒருவர் உள்ளத்தில் உள்ள பெரியோர் மற்றவர் உள்ளத்திலும் உறைகின்றார் என்பதை அறியாமலேயே இருவரும் பிரிந்து செல்கின்றனர்.

தமிழ் இஸ்லாமிய இலக்கியம் காட்டும் நெறி

நம் முன்னோர் இத்தகையோராய் இருந்தாரில்லை. இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய நூல்களுள் மிகப் பழையது, கி.பி. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா' என்பர். அந்நூலின் பொருள் யாது? மதீனத்து யூத அறிஞராகிய அப்துல்லாஹ் இப்னு சலாம் அவர்கள், தாம் கற்ற வேத அறிவின் துணையால் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வினாக்களை அடுக்கடுக்காய்த் தொடுத்து, தக்க விடைகள் பெற்று, இஸ்லாத்தைத் தழுவிய வரலாறே அந்நூல். அரபு மூலத்திலிருந்து பாரசீகம், மலாய், சாவகம் முதலிய மொழிகளுக்குச் சென்ற இக்கதை, கி.பி. 12ஆம் நூற்றாண்டிலேயே இலத்தீன் மொழியிலும் பெயர்க்கப்பெற்றது. தமிழ் இஸ்லாமிய இலக்கியத்தின் தலைவாயிலிலேயே ஒரு யூதப் பெரியார் வினா எழுப்பி நிற்கின்றார் என்பது எண்ணி மகிழத்தக்கது. வினவுவோர் பகைவராகச் சித்திரிக்கப்படவில்லை. உண்மை நாடும் அறிஞராகவே போற்றப்பட்டுள்ளார்.

அடுத்து உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை நோக்குவோம். 5027 செய்யுட்களால் ஆகிய அப்பெருங்காப்பியத்தின் விலாதத்துக் காண்டத்தில் 'தலைமுறைப் படலம்' என்பது ஒன்று. ஆதம் நபி தொடங்கி நூஹு, இபுறாகீம், இசுமாயீல் ஆகியோர் வழியாக அண்ணலாரின் தந்தையார் அப்துல்லாஹ் வரையில் பேரொளி வழிவழியாய் வந்த செய்தியை அப்படலம் கூறும். அண்ணலாரின் தலைமுறையைப் பாட வந்த புலவர் ஆதி மனிதரோடு தொடங்குவது வெறும் காப்பிய மரபு அன்று. அது அவர்தம் கொள்கையின் வெளிப்பாடாகும்.

கி.பி. 1807இல் வண்ணக்களஞ்சியப் புலவர் இயற்றிய 'இராசநாயகம்', இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்களில் சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றைப் பாடுகின்றது. முஸ்லிம் புலவர் ஒருவர், தாவூதின் திருமகனார்க்கு, செந்தமிழில் ஒரு முழுக்காப்பியம் படைத்துள்ளார் என்பதை நம் மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்? கிறித்தவ மாணவருள் ஒருவரேனும் இந்நூலைக் கண்டதுண்டா? மறுபுறம், வீரமாமுனிவர் 1726இல் நிறைவு செய்த தேம்பாவணியை நம் மாணவர்கள் தேர்வுக்குரிய ஒரு பகுதியாக மட்டுமே காண்கின்றனர். சூசையப்பரை 'வளன்' எனத் தமிழாக்கிய அம்முனிவரின் காப்பியத்தையும், சுலைமான் நபியைத் தமிழ் மன்னர் போலக் காட்சிப்படுத்தும் நம் புலவரின் காப்பியத்தையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் வாய்ப்பு நமக்கு உள்ளது. அவ்வாய்ப்பை நாம் பயன்படுத்துகின்றோமா என்பதே கேள்வி.

வேறுபாட்டை மறைத்தல் ஒற்றுமையன்று

இவ்வளவும் கூறியதால், "எல்லாம் ஒன்றே, வேறுபாடே இல்லை" என்று மேடையில் முழங்குவோர் பக்கம் நாம் சாய்கின்றோம் என்று எவரும் கருதிவிடல் வேண்டா. பொதுமையை அறிதல் எவ்வளவு இன்றியமையாததோ, வேறுபாட்டை நேர்மையுடன் சொல்லுதலும் அவ்வளவு இன்றியமையாதது. பேருந்தில் அமர்ந்திருந்த அம்மையாரும் இதைத்தான் அடுத்துக் கேட்டார். அன்னை மர்யமின் பெயரால் ஓர் அத்தியாயமே உள்ளதென்று நாம் கூறக் கேட்டு மகிழ்ந்தவர், "அப்புறம் ஏன் சார் அவங்க புள்ளைய நீங்க சாமியாக் கும்புடறதில்ல?" என்றார். அது நியாயமான கேள்வி.

ஈசா நபி (அலை) அவர்கள் தந்தையின்றி, இறைவனின் ஆணையால், கன்னித்தாயிடம் பிறந்தவர்கள், இறையருளால் குருடர்க்குப் பார்வை அளித்தவர்கள், குட்டநோயாளரைக் குணப்படுத்தியவர்கள், மரித்தோரை உயிர்ப்பித்தவர்கள், 'மஸீஹ்' என்று திருமறையாலேயே அழைக்கப்பெற்றவர்கள். இவை யாவும் நம் நம்பிக்கை. ஆயின் அவர்கள் இறைவனோ இறைவனின் மைந்தரோ அல்லர். இறையடியாரும் தூதருமே ஆவர். தந்தையின்றிப் பிறந்தமை இறைமைக்குச் சான்றாகாது என்பதற்குத் தாய் தந்தை இருவருமின்றிப் படைக்கப்பட்ட ஆதம் நபியைத் திருமறை எடுத்துக்காட்டுகின்றது. அவர்கள் சிலுவையில் அறையப்படவில்லை, இறைவனால் உயர்த்தப்பட்டார்கள் என்பதும் நம் கொள்கை. கிறித்தவ சமயத்திற்கோ சிலுவைப்பாடே மீட்பின் அடிப்படை. இவ்வேறுபாடு சிறிதன்று, இதனைச் சிறிதாக்கிக் காட்டுவது இரு சமயத்தார்க்கும் செய்யும் அவமதிப்பாகும்.

யூதரோடும் நமக்கு வேறுபாடுகள் உள. ஈசா நபியையும் அண்ணல் நபியையும் அவர்கள் இறைத்தூதராக ஏற்பதில்லை. இபுறாகீம் நபி பலியிட முன்வந்த மகன் ஈசாக்கு என்று தவ்ராத்து மரபு கூறும். திருக்குர்ஆனில் அவ்விடத்தில் மகனின் பெயர் குறிக்கப்படவில்லை. இசுமாயீல் நபியே அம்மகன் என்பது நம் அறிஞர்களுள் பெரும்பாலோர் முடிபு. நூஹு, லூத்து, தாவூது, சுலைமான் ஆகியோரைப் பற்றிய பழைய ஏற்பாட்டுச் செய்திகளுள் அவர்தம் ஒழுக்கத்திற்குக் குறை கற்பிப்பனவற்றை நாம் ஏற்பதில்லை. நபிமார்கள் பெரும்பாவங்களினின்றும் காக்கப்பெற்றவர்கள் என்பது நம் கொள்கை. மேலும், முன்னைய வேதங்கள் இறைவன் அருளிய வடிவிலேயே இன்று முழுமையாக இல்லை என்பதும், நபித்துவம் அண்ணலாரோடு முற்றுப்பெற்றது என்பதும் நம் உறுதியான நம்பிக்கைகள்.

இவற்றையெல்லாம் அவ்வம்மையாரிடம் இயன்ற அளவு எளிய சொற்களில் கூறினோம். அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "நாங்க அவரத்தான் ஆண்டவர்னு நம்பறோம். ஆனா நீங்க எங்க மாதாவ மரியாதையாச் சொல்றீங்களே, அது போதும்" என்றார். தம் நம்பிக்கையில் அவரும் விட்டுக்கொடுக்கவில்லை, நாமும் விட்டுக்கொடுக்கவில்லை. எனினும் அப்பேச்சுக்குப் பின் எங்களிடையே நெருக்கம் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை.

அறைந்தவரும் அறையப்பட்டவரும்

கருத்து வேறுபாட்டை வெறுப்பாக மாற்றிக்கொள்ளலாகாது என்பதற்கு மதீனத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியே போதிய சான்றாகும். சந்தையில் பொருள் விற்ற யூதர் ஒருவர், மூசாவை மாந்தர் அனைவரினும் மேலாகத் தேர்ந்தெடுத்த இறைவன்மேல் ஆணையிட்டுப் பேசினார். அதனைக் கேட்ட அன்சாரித் தோழர் ஒருவர், அண்ணலார் நம்மிடையே இருக்க நீ இவ்வாறு கூறுவதா எனச் சினந்து அவர் முகத்தில் அறைந்துவிட்டார். யூதர் நேரே அண்ணலாரிடம் சென்று முறையிட்டார். அண்ணலாரின் திருமுகத்தில் சினம் தோன்றியது. அது யூதர்மேல் எழுந்த சினம் அன்று. இறைத்தூதர்களிடையே ஏற்றத்தாழ்வு கற்பித்துச் சண்டையிட வேண்டா என்று கண்டித்ததோடு, மறுமையில் தாம் எழுப்பப்படும்போது மூசா நபி இறைவனின் அரியணையைப் பற்றி நிற்கக் காண்பதாகவும் அண்ணலார் கூறினார்கள். புகாரி முதலிய நூல்களில் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

இந்நிகழ்ச்சியின் நுட்பத்தைக் கருத வேண்டும். அறைந்தவர் அண்ணலார்மீது கொண்ட அன்பினாலேயே அறைந்தார். அவ்வன்பையே காரணமாகக் காட்டி அச்செயலை அண்ணலார் பொறுத்துக்கொள்ளவில்லை. அன்பின் பெயரால் செய்யப்பெறும் அநீதியும் அநீதியே என்பது அவர்கள் கற்பித்த பாடம்.

இத்தகைய சான்றுகள் இன்னும் பல. மூசா நபியும் அவர்தம் மக்களும் பிர்அவுனிடமிருந்து மீட்கப்பெற்ற நாள் என்று மதீனத்து யூதர்கள் நோன்பிருந்ததைக் கண்ட அண்ணலார், மூசாவுக்கு நாமும் உரியோம் என்று தாமும் நோன்பிருந்தார்கள். ஆஷூரா நோன்பின் வரலாறு இதுவே. யூதர் ஒருவரின் இறுதி ஊர்வலம் கடந்து சென்றபோது எழுந்து நின்றார்கள். அவர் யூதர் அல்லரோ என்று தோழர்கள் வினவியபோது, அதுவும் ஓர் உயிரன்றோ என்னும் கருத்துப்பட விடையளித்தார்கள். ஹாரூன் நபியின் வழியில் வந்த அன்னை சபிய்யா (ரலி) அவர்களைச் சிலர் யூதர் மகள் என்று குத்திக்காட்டியபோது, ஹாரூனும் மூசாவும் உன் குலத்து முன்னோர் என்பதைப் பெருமையுடன் சொல் என்று ஆறுதல் கூறினார்கள்.

கிறித்தவரோடு கொண்ட உறவும் இத்தகையதே. மக்கத்துக் குறைசியரின் கொடுமை தாங்காது கி.பி. 615இல் முஸ்லிம்கள் முதன்முதலாகப் புகலிடம் தேடிச் சென்றது கிறித்தவ மன்னர் நஜ்ஜாசியின் அபிசீனிய நாட்டிற்கே. குறைசியர் அனுப்பிய தூதர், முஸ்லிம்களைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு வேண்டிய வேளையில், ஜஃபர் (ரலி) அவர்கள் அவ்வவையில் ஓதிக்காட்டியது மர்யம் அத்தியாயத்தின் தொடக்கப் பகுதியையே. மன்னர் கண்ணீர் மல்கினார். முஸ்லிம்களை ஒப்படைக்க மறுத்தார். நம் சமுதாயத்தின் முதல் அகதிகளின் உயிரைக் காக்க இறைவன் அமைத்த கருவி, அன்னை மர்யமைப் பற்றிய அறிவே ஆயிற்று. அவ்வறிவைத்தான் தொப்பூரில் நம் மாணவியிடம் காண இயலாமற் போயிற்று.

இன்றைய சோதனை

இன்று இப்பொருளை எழுத நேர்ந்ததற்கு மற்றுமொரு காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய காசாப் போரில் குழந்தைகளும் பெண்டிரும் மாண்ட காட்சிகளைக் கைப்பேசித் திரையில் கண்டு நம் இளைஞர்கள் கொதித்தனர். அக்கொதிப்பு மனித இயல்பு. அநீதியைக் கண்டிப்பது கடமை. ஆயினும் ஓர் அரசின் செயலைக் கண்டிக்கத் தொடங்கிய நாக்கு, 'யூதர்' என்னும் பெயரையே வசைச்சொல்லாக வழங்கத் தலைப்படுவதை நாம் நம் வளாகத்திலேயே கேட்டுள்ளோம். மூசா, ஹாரூன், தாவூது, சுலைமான், சக்கரிய்யா, யஹ்யா, ஈசா ஆகிய நபிமார்கள் அனைவரும் எந்த மக்களிடையே தோன்றினர் என்பதை அந்நாக்கு ஒரு நொடி எண்ணிப் பார்த்தல் வேண்டும். தவறு செய்தோரைக் கண்டிக்கும் திருமறை, வேதக்காரர் அனைவரும் ஒரே தன்மையர் அல்லர் என்பதையும் தெளிவாக எடுத்துரைக்கின்றது. ஒரு சிலர் செய்த குற்றத்திற்காக முஸ்லிம் பெயர் தாங்கியோர் அனைவரையும் பழிப்பது அநீதி என்று நாம் முறையிடுகின்றோமன்றோ? நமக்கு வேண்டும் நீதி பிறர்க்கும் வேண்டும்.

கிறித்தவ உலகிலும் இத்திசையில் மாற்றம் நிகழ்ந்துள்ளதை மறத்தலாகாது. 1965இல் வாத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, முஸ்லிம்கள் இயேசுவை நபியாகவும் மரியாளைக் கன்னித்தாயாகவும் மதிப்பதை வெளிப்படையாகக் குறிப்பிட்டது. 2007இல் முஸ்லிம் அறிஞர் 138 பேர் கையொப்பமிட்டுக் கிறித்தவத் தலைவர்களுக்குத் திறந்த மடல் விடுத்து, இறையன்பும் அயலாரன்பும் இரு சமயத்தார்க்கும் பொதுவெனக் காட்டினர். 2019இல் அபுதாபியில் போப் பிரான்சிசும் அல்-அஸ்ஹர் தலைமை இமாமும் மனித சகோதரத்துவ ஆவணத்தில் ஒப்பமிட்டனர். தலைவர்கள் கையொப்பமிட்டால் மட்டும் போதாது. அது தொப்பூர்ப் பேருந்து வரையில் வந்து சேர வேண்டும்.

ஓர் ஐயமும் விடையும்

பிறர் வேதச் செய்திகளைக் கற்பது பிள்ளைகளின் ஈமானைக் கலக்கிவிடாதா என்று பெரியோர் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். அது அன்பினால் எழுவது. எனினும் இதற்கு உலமாப் பெருமக்கள் முன்பே வரம்பு வகுத்துள்ளனர். முன்னைய வேதத்தாரின் செய்திகளுள் திருமறைக்கும் நபிமொழிக்கும் இயைந்தனவற்றை ஏற்கலாம், முரண்பட்டனவற்றை மறுக்கலாம், இரண்டிலும் சாராதனவற்றை மெய்யென்றும் கொள்ளாது பொய்யென்றும் தள்ளாது விடலாம். இத்தெளிவான அளவுகோலைக் கையில் கொடுத்துவிட்டால் மாணவன் மயங்க மாட்டான். தெரியாததாலேயே மயக்கம் வரும். தெளிந்து கற்றதால் வராது. வீதியில் எவரோ திரித்துக் கூறுவதைக் கேட்டுத் தடுமாறுவதினும், ஆசிரியரிடம் முறையாகக் கற்றுத் தெளிவதே நன்று.

நாம் செய்யத்தக்கன

முதலாவதாக, நம் ஓதும் பள்ளிகளில் பிள்ளைகள் இருபத்தைந்து நபிமார்களின் பெயர்களை மனனம் செய்கின்றனர், அது நன்று. பெயரோடு வரலாறும், அவ்வரலாற்றோடு அப்பெரியோர் பிற சமயத்தாரிடை எப்பெயரால் வழங்கப்படுகின்றார் என்னும் செய்தியும் சேர வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஆசிரியரின் ஆர்வம் ஒன்றே போதும்.

இரண்டாவதாக, தமிழ்த்துறைகள், குறிப்பாக முஸ்லிம் மேலாண்மைக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள், 'ஆயிர மசலா', 'இராசநாயகம்' போன்ற நூல்களைப் பெயரளவில் இலக்கிய வரலாற்று வினா விடைகளில் அடக்கிவிடாது, மூலத்தோடு கற்பிக்க முன்வருதல் வேண்டும். தேம்பாவணியோடு ஒப்பிட்டு ஆராயும் ஆய்வேடுகளை மாணவர்கள் மேற்கொள்ளலாம்.

மூன்றாவதாக, மீலாது விழா மேடைகளில் கிறித்தவ அன்பர்களை அழைத்து, சால்வை போர்த்தி, இரண்டு நிமிடம் வாழ்த்திப் பேசச் செய்து அனுப்பிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒரே பெரியாரைப் பற்றி இரு சமயத்தாரும் தத்தம் நூல் நின்று பேசும் அமர்வுகளை நடத்தலாம். ஒத்தவிடத்து மகிழ்ந்தும், வேறுபட்டவிடத்து மரியாதையுடன் விலகியும் பேசப் பழகுதல் பட்டத்தினும் பெரிய கல்வியாகும். வேதத்தாரோடு அழகிய முறையிலன்றி வாதிடலாகாது என்னும் திருமறைக் கட்டளைக்கு இதுவே நடைமுறை.

நிறைவாக

கவிழ்ந்த சரக்குந்தை அகற்றிய பின் பேருந்து புறப்பட்டது. சேலத்தில் இறங்கும்போது அவ்வம்மையார் நம் மாணவியின் தலையில் கைவைத்து வாழ்த்திச் சென்றார். அடுத்த வாரம் அம்மாணவி மர்யம் அத்தியாயத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு முழுவதையும் படித்துவிட்டுத் துறைக்கு வந்தாள். "பாட்டி கேட்டப்பவே இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும் ஐயா" என்று கண் கலங்கினாள். குற்றம் அவளுடையது அன்று. பெயர்களை மட்டும் கற்பித்து வரலாற்றைக் கற்பிக்காது விட்ட நம்முடையது. "அது அவங்க சமாச்சாரம்" என்ற மாணவன் இன்னும் நம்மிடம் வரவில்லை. இக்கட்டுரை அவனுக்காகவும் எழுதப்பட்டது.

தூதர்களுள் எவரையும் வேறுபடுத்தி மறுக்காத சமுதாயமாக நம்மை ஆக்கிய வல்ல இறைவன், அத்தூதர்களை அறிந்து போற்றும் அறிவையும், அவர்களை நேசிக்கும் பிறரோடு நீதியும் கண்ணியமும் பேணி வாழும் பண்பையும் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.